அசையாத கயிறு

கயிறு பிடிக்கும் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அதில் மனசு ஒட்டவில்லை என்று சங்கத்துக் காரியதரிசி வருத்தப்பட்டார். முங்கிச் சங்கு எடுக்கிறவனுக்குத்தான் பேரும் புகழும், படகில் நிற்கிறவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களாம். நியாயமான கேள்விதான். நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். என் ஆயுசில் பெரும்பகுதி தூத்துக்குடிக் கடலில் கயிறு பிடித்தே கழிந்தது. ஆனால் ஒரு நாள்கூட நான் கடலின் அடியைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் என் கையில் இருந்த கயிற்றை மட்டும்தான்.

கல்லை எப்படி இறக்குவது, கயிற்றை எப்படிச் சிக்காமல் விடுவது என்பதெல்லாம் படகில் ஏறினால் தானாக வந்துவிடும். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. பயத்தைப் பற்றி. நம் தொழிலில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதால் நான் திறக்கிறேன்.

இப்போது முங்குகிறவர்களுக்குக் கண்ணில் கண்ணாடி உண்டு, காலில் ரப்பர் துடுப்பு உண்டு. அன்று முங்குகிற குளியாளுக்கு அரையில் ஒரு துண்டும் காலுக்கு ஒரு கல்லும்தான். கல்லின் மேல் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் இறங்குவான். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவான். அதை நாம் மேலே இழுத்துக்கொள்வோம். அவன் இடுப்பில் இன்னொரு கயிறு இருக்கும். சங்கைப் பொறுக்கிவிட்டு மூச்சு முட்டும்போது அந்தக் கயிற்றை அசைப்பான். நாம் இழுக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். அவன் அசைப்பான், நாம் இழுப்போம். அவன் அசைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் கயிறு பிடித்தது சவரிமுத்து என்ற குளியாளுக்கு. எங்கள் தெருவில் இடுப்புக் கயிற்றைச் சொந்த மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி அறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்ற நம்பிக்கை. சவரிமுத்துவின் பெண்டாட்டி ஒற்றைப் பிள்ளை. அதனால் சொந்தம் ஏதும் இல்லாத என்னைக் கூப்பிட்டான். அவனுக்கு இடது காது முழுக்கப் போயிருந்தது. கடல் வாங்கிக்கொண்டது. பேசும்போது வலது காதை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவான்.

அடுத்த படகில் இஞ்ஞாசி முங்கினான். அவனுக்குக் கயிறு பிடித்தது அவன் மச்சான் தொம்மை. சவரிமுத்துவும் இஞ்ஞாசியும் ஒத்த வயது, கோயிலில் ஒரே வருஷம் முதல் நன்மை வாங்கியவர்கள். சின்ன வயதிலிருந்தே யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பது என்று போட்டி. அதில் பகை கிடையாது. ஆனால் விளையாட்டு என்றும் சொல்லிவிட முடியாது. இஞ்ஞாசி மேலே வந்தால் மூச்சு விடுவதற்கு முன்னால் அவன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "அவன் வந்துட்டானாலே?" என்பதுதான். இல்லை என்றால் முகம் சுருங்கும். ஆமாம் என்றால் ஈறு தெரியச் சிரிப்பான்.

அப்போது யுத்த காலம். கொழும்பில் குண்டு விழுந்த பிறகு எங்கள் கடற்கரையில் யாரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. வீட்டு விளக்குகளுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொன்னார்கள். கடைக்காரர்கள் குடும்பத்தைச் சாத்தான்குளத்துக்கும் நாசரேத்துக்கும் அனுப்பிவைத்தார்கள். எங்களுக்குப் போக ஊர் ஏது? கடலுக்குத்தான் போனோம். ஒரு நாள் காலை நாங்கள் சங்கு விளையும் கடலடித் திட்டான சங்குப் பாரில் நங்கூரம் போட்டிருந்தபோது, தெற்கிலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து வந்தது. சவரிமுத்து அடியில் இருந்தான். படகில் இருந்தவர்கள் எல்லாரும் குப்புற விழுந்தார்கள். நானும் விழுந்தேன், கயிற்றை மட்டும் விடாமல். அந்தச் சத்தம் முதுகைத் தடவிக்கொண்டு போனது இன்றும் நினைவிருக்கிறது. அது இங்கிலீஷ்காரன் விமானம்தான் என்று கரைக்கு வந்த பிறகு சொன்னார்கள். யாருடையது என்று தெரிந்த பிறகும், தலைக்கு மேல் கடற்காகம் பறந்தாலே குனிந்துகொண்டேன்.

பிறகு ஒரு நாள் யுத்தம் முடிந்தது, நாம் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். 'நாம்' என்பது யார் என்று எங்களுக்குப் புரியவில்லை. ரேஷன் அரிசி அதே அரிசிதான். பர்மாவுக்குப் போன எங்கள் தெரு ஆட்களில் திரும்பாதவர்கள் திரும்பவே இல்லை. ஆனால் கலங்கரை விளக்கு மறுபடி எரிந்தது. அதற்காக நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மறுவருஷம் மாசி மாதம், கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்த சமயம், வெற்றி விழா நடத்தப்போவதாகச் சொன்னார்கள். கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த ராணுவ முகாமின் மேஜர் ஒருவரும், ஊர் வியாபாரிகள் சிலரும் சேர்ந்த கமிட்டி அது. நோன்பிருக்கும் தவக்காலத்தில் மேளமும் கூத்தும் என்ன என்று பங்குச் சாமியார் கோபித்துக்கொண்டார். யாரும் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய், ஏழைகளுக்குத் துணி, கடலில் குளியாட்களுக்குப் போட்டி. ஜெயிக்கிற குளியாளுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. அதைவிடப் பெரிய விஷயம், முகாமின் மோட்டார் லாஞ்சில் மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை.

அந்த வேலைதான் ஊரைப் புரட்டிப் போட்டது. யோசித்துப் பாருங்கள். முங்காமல் சம்பளம். சவரிமுத்துவுக்கு அந்த வருஷம் ஒவ்வொரு நாளும் மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த வலது காதும் இரைய ஆரம்பித்திருந்தது. இஞ்ஞாசிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். கடலுக்குள் இறங்காமல் இருப்பதற்காக, கடலுக்குள் யார் அதிக நேரம் இருப்பது என்று அந்த இரண்டு பேரும் போட்டி போடத் தயாரானார்கள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் சவரிமுத்து என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏலே சூசை, நாளைக்கு நான் அசைக்காம நீ இழுக்கக் கூடாது."

"அது எதுக்கு இப்பச் சொல்லுத?"

"அசைக்காம இழுத்தா தோத்ததாக் கணக்காம். கமிட்டிக்காரன் சொல்லிட்டான். நீ பயந்த பய. எனக்குத் தெரியும்."

"சரி, இழுக்கல."

"மாதா மேல சத்தியம் பண்ணு."

என் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் செய்தேன். மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அவன் வலது காதை என் வாய்ப் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் சங்குப் பாரில் எங்கள் இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்றன. சுற்றிலும் லாஞ்சுகள், தோணிகள். ஒரு தோணி நிறைய பாண்டு வாத்தியக்காரர்கள். மேஜர் லாஞ்சின் முன்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு கடிகாரம். அவர் பக்கத்தில் கமிட்டிக் காரியதரிசி, ஒரு தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு விதிகளைக் கத்திச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். யார் கடைசியில் மேலே வருகிறானோ அவன் ஜெயித்தவன். குளியாள் அசைக்காமல் கயிறு இழுக்கப்பட்டால் அந்தப் படகு தோற்றது.

எங்கள் படகை நடத்துகிற தண்டல் என் பக்கத்தில் வந்தார். படகு அவருடையது, ஜெயித்தால் பெருமை அவருக்கும்தான். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஏலே, நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கப் போறேன்" என்றார். "உன் கையைப் பாத்தா ஏதாச்சும் சொல்லிருவேன். நான் சொல்லி நீ செஞ்சதா ஆகக் கூடாது."

சொன்னபடியே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாய்மரத்தைப் பிடித்தபடி நின்றார். அன்று அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படித் தனியாக விட்டுவிட்டாரே என்று. பின்னாளில் நான் தண்டல் ஆனபோதுதான், அப்படித் திரும்பி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

கொடி இறங்கியது. இரண்டு பேரும் இறங்கினார்கள்.

முதலில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. கல்லை இழுத்துக்கொண்டேன். இடுப்புக் கயிறு என் விரல்களில் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. கீழே இருக்கிறவன் சும்மா இருந்தாலும் கயிறு சும்மா இருக்காது. அவன் காலை நகர்த்துவான், நீரோட்டத்துக்கு உடம்பை வளைப்பான், பாறையைப் பிடிப்பான். அதெல்லாம் கையில் தெரியும். உங்களுக்கும் கொஞ்ச நாளில் தெரிய வரும்.

வழக்கமாக அவன் அசைக்கிற நேரம் வந்தது. போயிற்று. லாஞ்சுகளில் கைதட்ட ஆரம்பித்தார்கள். தோணிகளில் இருந்த நம் ஆட்கள் இஞ்ஞாசி பேரையும் சவரிமுத்து பேரையும் மாற்றி மாற்றிக் கூவினார்கள். நான் தொம்மையைப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் கண் தண்ணீர் மேலேயே குத்தி நின்றது. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

பிறகு என் கையில் இருந்த கயிறு அமைதியாகிவிட்டது.

கயிறு தொய்ந்தும் போகவில்லை, இறுகவும் இல்லை. அதில் இருந்த ஆள் மட்டும் இல்லாமல் போனாற்போல் இருந்தது. அப்படி ஆனதா, நான் அப்படி நினைத்தேனா என்று என்னால் இன்றுவரை சத்தியமாகச் சொல்ல முடியாது. அசைப்பான், இதோ அசைப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது. லாஞ்சு வேலை நினைவுக்கு வந்தது. அவன் மூக்கில் வழிகிற ரத்தம் நினைவுக்கு வந்தது. இழுத்தால் அவன் ஆயுசு முழுக்க என்னைச் சபிப்பான். இழுக்காவிட்டால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். நான் எதையும் முடிவெடுக்கவில்லை. பயம் தாங்காமல் இழுத்தேன். கை தானாக இழுத்தது. "மாதாவே, மன்னிச்சிரும்" என்று கத்திக்கொண்டே இழுத்தேன்.

சவரிமுத்து மேலே வந்தபோது அவன் கண்ணில் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. உதடு கத்தரிப்பூ நிறம். ஒரு நிமிஷம் செத்தான் என்றே நினைத்தேன். பிறகு பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தான், இருமினான், படகு விளிம்பைப் பிடித்தான். கண் தெளிந்தது. என்னைப் பார்த்தான். தண்ணீரிலிருந்தபடியே எட்டி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"நான் அசைச்சேனால? சொல்லுல, அசைச்சேனா?"

"இல்ல."

"எனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சுல, பாவி!"

இருந்திருக்கலாம். சாகும்வரை அவன் அப்படித்தான் சொன்னான். நான் மறுத்ததில்லை. மறுக்க என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

காரியதரிசி தகரக் குழாயில், "இஞ்ஞாசி படகுக்கு வெற்றி!" என்று கூவினார். சுற்றி இருந்த தோணிகளில் எல்லாம் ஒரே ஆரவாரம். எனக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. ஆனால் போட்டி முடிந்ததே, இனி தொம்மை கயிற்றை இழுப்பான் என்று நினைத்தேன். அவன் இழுக்கவில்லை.

மேஜர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். காரியதரிசி அதைத் தமிழில் கத்தினார்: "இழுக்காதே! எவ்வளவு நேரம் இருக்கிறான் பார்க்கலாம்! இதுவரை யாரும் இருந்ததில்லை என்கிறார் துரை!"

தோணிகளிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "தொம்ம, விடாத! இழுக்காத! அவன் இருப்பான்!" அத்தனை பேரும் எங்கள் தெரு ஆட்கள். அவர்களில் இஞ்ஞாசியின் சித்தப்பாவும் இருந்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் கத்தவில்லை. நம் ஆள் ஜெயிக்கிறான் என்ற சந்தோஷத்தில் கத்தினார்கள்.

சவரிமுத்து விளிம்பைப் பிடித்தபடி தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். காது இரைந்துகொண்டிருக்க வேண்டும்.

"இஞ்ஞாசி வந்துட்டானால?"

"இல்ல."

"இன்னுமா வரல?"

"இன்னும் வரல."

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்மேல் இருந்த ஆத்திரம் துடைத்தாற்போல் போய், அந்த இடத்தில் வேறு ஒன்று வந்தது. அடியில் எவ்வளவு நேரம் இருக்க முடியும், எவ்வளவு முடியாது என்று அந்தக் கடலில் அவனுக்கு மட்டும்தானே தெரியும்?

"தொம்ம!" என்று அலறினான். "இழுல! ஏலே தொம்ம, இழுல அவன!"

தோணிகளில் சிரித்தார்கள். "தோத்தவனுக்குப் பொறுக்கல பாரு!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன், "பேசாம போயிக் கஞ்சியக் குடில, சவரி!" என்றான். தொம்மை ஒரு கணம் சவரிமுத்துவைப் பார்த்தான். பிறகு மேஜரின் லாஞ்சைப் பார்த்தான். கயிற்றை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சவரிமுத்து எங்கள் படகை விட்டான். அவனுக்கு நீந்தத் தெம்பு இல்லை. நாய் நீந்துகிறாற்போல் தட்டுத் தடுமாறி அந்தப் படகை அடைந்தான். ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீருக்குள் இறங்கியிருந்த இஞ்ஞாசியின் கயிற்றைப் பற்றி இழுத்தான். அப்போதுதான் தொம்மையின் கை விழித்துக்கொண்டது. இரண்டு பேருமாக இழுத்தார்கள். எங்கள் தண்டல் திரும்பிப் பார்த்தார். "சேசுவே" என்று மட்டும் சொன்னார்.

இஞ்ஞாசி முகம் கவிழ்ந்தபடி மேலே வந்தான். பாண்டுத் தோணி தூரத்தில் இருந்தது. ஆள் மேலே வந்துவிட்டான் என்பது மட்டும்தான் அங்கிருந்து தெரிந்திருக்கும். உடனே வெற்றி வாத்தியத்தை ஆரம்பித்துவிட்டார்கள். படகில் அவனைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, டிரம்மும் ஊதுகுழலும் முழங்கிக்கொண்டே இருந்தன. நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினோம். நாங்கள் சந்தோஷத்தில் கை ஆட்டுகிறோம் என்று நினைத்து இன்னும் பலமாக வாசித்தார்கள்.

மூச்சு வந்தது. ஆனால் ஆள் வரவில்லை. கண் திறந்திருந்தது, யாரையும் தெரியவில்லை. கரையில் மேஜரே முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தார். ராணுவ டாக்டரை வரவழைத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அவன் கழுத்தில் போட வைத்திருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல், காரியதரிசி அதை ஒரு கட்டுமரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

தவக்காலம் முழுக்க இஞ்ஞாசி வீட்டில் கிடந்தான். கஞ்சியைப் புகட்டினால் விழுங்குவான். சில சமயம் உதடு அசையும். "அவன் வந்துட்டானா" என்றுதான் கேட்கிறான் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள். எங்களுக்கு அப்படிக் கேட்கவில்லை. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் அவன் போய்விட்டான். அதற்குள் ராணுவ முகாமைக் கலைத்துவிட்டார்கள். கூடாரம், லாஞ்சு, மேஜர் எல்லாம் போயாயிற்று. அந்தச் சம்பள வேலையைப் பற்றிக் கேட்க ஓர் ஆள்கூட மிச்சமில்லை. கமிட்டியில் போய்க் கேட்டதற்கு, விழா முடிந்ததோடு கமிட்டியும் முடிந்துவிட்டது என்றார்கள்.

துக்கம் கேட்க நானும் போயிருந்தேன். வீட்டுக்குள் வேறு ஆண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இஞ்ஞாசியின் பெண்டாட்டி கமிட்டி கொடுத்தனுப்பியிருந்த அந்த வெள்ளிக் கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இத எங்கயாச்சும் கொண்டு போயிருங்க. சின்னது இதுல தண்ணி மோந்து குடிக்குது. பாக்கவே எனக்குப் பயமாருக்கு."

"வித்தா ஏதாச்சும் கிடைக்குமே, தங்கச்சி."

"வாங்குதவ வீட்டுலயும் பிள்ளைய இருக்கும்லா?" என்றாள்.

நான் அதைத் துணியில் சுற்றிக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமியார் வாங்கிக்கொண்டார்.

தொம்மை அதற்குப் பிறகு கயிற்றைத் தொடவில்லை. உப்பளத்தில் வேலைக்குப் போனான். ஒரு நாள் மத்தியானம் உப்பள வரப்பில் அவனைத் தனியாகப் பார்த்தேன். வெயிலில் உப்புக் குவியல் கண்ணைக் குத்தியது. அவனே கேட்டான்.

"ஏலே சூசை, உண்மையச் சொல்லு. சவரி அசைச்சானா, இல்லையா?"

"அசைக்கல."

"பின்ன எத வச்சுல இழுத்த?"

"ஒண்ணும் தெரியலடே. பயந்துட்டேன். பயம் தாங்கல. இழுத்துட்டேன்."

அவன் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினான்.

"எனக்கும் பயமாத்தான்ல இருந்துச்சு" என்றான். "உனக்கு இருந்த பயம் எனக்கும் இருந்துச்சு. என் தங்கச்சி முகம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கயிறு செத்துப் போச்சுன்னு என் கை சொல்லிச்சு. ஆனா எல்லாரும் பாத்துட்டு இருக்காவ. நான் பயந்தாங்கொள்ளி இல்லன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். அந்தப் பயத்த நான் ஜெயிச்சுட்டேம்ல, சூசை. அன்னைக்கு அந்தக் கடல்ல நெசமா ஜெயிச்சது நான் ஒருத்தன்தான்."

அவன் தோளைத் தொட்டேன். அவன் தட்டிவிடவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிப் போனான்.

யுத்தத்திலும் சரி, போட்டியிலும் சரி, ஜெயித்தவன் என்று ஒருவனைக் காட்டும்போது நான் இப்போதெல்லாம் அவன் பக்கத்தில் கயிறு பிடித்தவன் யார் என்று தேடுகிறேன். அவன் முகத்தைப் பார்த்தால்தான் அந்த வெற்றி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிகிறது. இதைப் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

சவரிமுத்து அந்த வருஷம் முழுக்க என்னிடம் முகம் கொடுக்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் செவிடான காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு போவான். அவன் இனி வேறு ஆளைத்தான் வைத்துக்கொள்வான், நானும் உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தேன். அடுத்த சங்குக் குளிப்புப் பருவம் தொடங்குகிற நாள் காலையில், கரையில் நான் சும்மா நின்றுகொண்டிருந்தபோது அவன் வந்தான். தோளில் புதுக் கயிறு. அதை எடுத்து என் கையில் வைத்தான்.

எனக்கு அதை வாங்கிக்கொள்ளப் பயமாக இருந்தது.

"சவரி, முதல்லயே சொல்லிருதேன். நான் பயந்த பய. சத்தியம் கேட்டாலும் பண்ணமாட்டேன். நீ அசைக்காட்டியும் இழுத்துருவேன்."

அவன் தன் நல்ல காதை என் பக்கம் திருப்பி, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான்.

"தெரியும்லே" என்றான். "தெரிஞ்சிதான் உங்கிட்ட வாரேன். வா, படகு கிளம்புது."

அன்று அவன் முங்கினான். கயிறு என் கையில் துடித்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு வழக்கமான பயம் வந்தது. இழுத்தேன். மேலே வந்து, முகத்துத் தண்ணீரை வழித்துப் போட்டுவிட்டு, அவன் என்னை வாய் கொள்ளாமல் ஏசினான்.